கப்பி பூட்டிய வில்: வேகம், உடல், வேட்டை உரிமை

துப்பாக்கி கையிலிருக்கும் ஒரு சமூகம் எதற்காக வில்லை எடுக்கிறது? எடுத்த பிறகு அந்த வில்லை ஏன் துப்பாக்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கிறது? அமெரிக்க வேட்டை வில்லின் வரலாற்றை இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். தொழில்நுட்ப வரலாறு என்று நமக்குச் சொல்லித்தரப்பட்டிருப்பது ஒரு நேர்கோடு. கல், உலோகம், வெடிமருந்து என்று போகும் அந்தக் கோட்டில் வில் எப்போதோ செத்துப்போன சாமான். ஆனால் மனிதன் நிலவில் கால் வைத்த அதே 1969இல், டிசம்பர் 30ஆம் நாள், 3,486,495 என்ற எண்ணில் ஒரு புதுவகை வில்லுக்கு அமெரிக்கா காப்புரிமை வழங்கியது. இன்று அங்கே வில்வேட்டைக்காரர்களில் பெரும்பாலோர் கையில் இருக்கும் காம்பவுண்ட் வில்லின் பிறப்புச் சான்றிதழ் அது. செத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு கருவி எப்படி, யாருக்காக உயிர்த்தெழுந்தது என்பதைப் பார்க்கும்போதுதான் அந்த நேர்கோட்டின் பொய் தெரியவரும்.

1

1911 ஆகஸ்ட் 29. கலிஃபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊரின் கசாப்புக் கொட்டில் ஒன்றின் வேலியோரம், பட்டினியால் ஒடுங்கிய ஒரு மனிதர் பிடிபட்டார். யாஹி இனத்தின் கடைசி மனிதர். 1848இல் தங்கம் கிடைத்த செய்தி பரவியதிலிருந்து வந்து குவிந்த வெள்ளையர்கள், அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் அந்த மக்களைத் துப்பாக்கியால் வேட்டையாடித் தீர்த்திருந்தார்கள். 1850களில் பழங்குடிகள்மீது படையெடுத்த தன்னார்வப் படைகளுக்கு மாநில அரசே கடன்பத்திரம் வெளியிட்டுச் செலவுத்தொகை கொடுத்தது. 2019இல்தான் அம்மாநில ஆளுநர் இதை இனப்படுகொலை என்ற பெயரிலேயே குறிப்பிட்டு மன்னிப்புக் கேட்டார்.

தப்பிய சிலர் மில் ஓடை, மான் ஓடைப் பள்ளத்தாக்குகளில் நாற்பதாண்டு ஒளிந்து வாழ்ந்தார்கள். அந்த வாழ்க்கையில் வில்லுக்கு ஒரே தகுதி போதுமானதாக இருந்தது: அது சத்தம் போடாது. 1908இல் நில அளவைக்கு வந்த வெள்ளையர்கள் அவர்களுடைய குடிசைகளைக் கண்டுபிடித்து, வில், அம்பு, தோல் போர்வை என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஞாபகார்த்தமாக எடுத்துப்போனார்கள். ஞாபகார்த்தமாக! ஒரு குடும்பத்தின் குளிர்காலம் இன்னொருவர் வீட்டுச் சுவரில் அலங்காரமாகத் தொங்கியிருக்கும்.

பிடிபட்டவருக்கு மானிடவியலாளர் ஆல்ஃப்ரெட் குரோபர் ‘இஷி’ என்று பெயர் வைத்தார். யானா மொழியில் மனிதன் என்று பொருள். தன் பெயரை அவர் கடைசிவரை சொல்லவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலேயே தங்கவைக்கப்பட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையாளர்கள் முன் உட்கார்ந்து அம்புமுனை செதுக்கிக் காட்டினார். பக்கத்து மருத்துவக் கல்லூரியில் அறுவைச்சிகிச்சை ஆசிரியராக இருந்த சாக்ஸ்டன் போப் அவருக்கு மருத்துவர், பிறகு சிநேகிதர், பிறகு சீடர். மரத்தின் முதுகில் விலங்கு நரம்பு ஒட்டிய, சுமார் 40 பவுண்டு இழுவிசை கொண்ட சிறு வில் இஷியுடையது. கட்டைவிரலை நாணுக்கடியில் கொடுத்து இழுப்பார். தூரத்திலிருந்து எய்வதில் அவருக்கு அக்கறை இல்லை. மறைவில் உட்கார்ந்து, உதட்டால் முயல்குட்டி போலக் கத்தி, விலங்கைத் தன்னருகே வரவழைப்பதுதான் அவருடைய வேட்டை. வில் செய்யாத வேலையைக் காத்திருப்பு செய்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1916 மார்ச்சில் காசநோயில் அவர் இறந்தார். உடலை அறுக்கக் கூடாது என்று வெளியூரிலிருந்த குரோபர் எழுதிய கடிதம் வந்து சேர்வதற்குள் அறுத்துவிட்டார்கள். மூளை வாஷிங்டனுக்குப் போனது. வில்வித்தை போப்பிடம் தங்கியது. போப்பும் அவர் கூட்டாளி ஆர்தர் யங்கும் 1920இல் யெல்லோஸ்டோன் போய் அருங்காட்சியகத்துக்காக அம்பால் கரடி கொன்றார்கள். 1923இல் போப் எழுதி வெளியிட்ட வில்வேட்டை நூல் அமெரிக்க நடுத்தர வர்க்கத்து ஆண்களுக்கு ஒரு கனவைக் கொடுத்தது.

துப்பாக்கிக்காரர்கள் வில்காரர்களைக் கொன்று முடித்தார்கள். அதற்கடுத்த தலைமுறை, கடைசி வில்காரரிடமிருந்து வில்லைக் கற்றுக்கொண்டு அதை ஆண்மையின், இயற்கையின், எளிமையின் அடையாளமாக்கியது. போப் கெட்டவர் என்று சொல்வதற்கில்லை. இஷி பற்றி அவர் எழுதியதில் உண்மையான பிரியம் இருக்கிறது. ஆனால் ஒரு வரலாற்றுச் செயல் தனிமனிதரின் பிரியத்தால் அளக்கப்படுவதில்லை. பிரியத்தோடும் அபகரிக்க முடியும்.

2

கனவு தனியாக நிற்காது. அதற்குச் சட்டம் வேண்டும். 1934இல் விஸ்கான்சின் மாநிலம் இரண்டு மாவட்டங்களில் வில்லுக்கென்றே தனியாக ஒரு மான்வேட்டைப் பருவம் அறிவித்தது. பிறகு மற்ற மாநிலங்களும் அந்த வழிக்கு வந்தன. இதன் தர்க்கத்தைக் கவனிக்க வேண்டும். துப்பாக்கிக்கு ஒன்பது நாளோ பத்து நாளோ கொடுத்த அரசு, வில்லுக்கு வாரக்கணக்கில், பின்னர் மாதக்கணக்கில் கொடுக்கத் துணிந்தது எதனால்? வில் பலவீனமானது என்பதால். வில்லோடு காட்டுக்குள் போகிறவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்புவார்கள், மான்கூட்டம் குறையாது என்பது கணக்கு. ஆக, வில்வேட்டைப் பருவம் என்பது கருவியின் இயலாமைக்குச் சட்டம் கொடுத்த சலுகை.

1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா விற்பனைமீது விதித்த வரியை வனவிலங்குப் பராமரிப்புக்கென்று ஒதுக்கியது. 1972இல் திருத்தம் செய்து வில்லையும் அம்பையும் உள்ளே இழுத்தார்கள், 11 சதவீத வரியோடு. அதற்குப் பிறகு வில் விற்றால்தான் வனத்துறைக்குப் பணம் என்றாயிற்று. காட்டைக் காப்பாற்றுவதும் கருவியை விற்பதும் ஒரே கல்லாப்பெட்டியில் விழத் தொடங்கின. பலவீனமான கருவிக்குச் சலுகை, அந்தக் கருவியை அதிகம் விற்பதில் அரசுக்கும் ஆதாயம்: இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்த இடைவெளிக்குள்தான் கப்பி நுழைந்தது.

3

மிசௌரி மாநிலத்துக்காரரான ஹோலிஸ் வில்பர் ஆலன் 1960களின் நடுவில் ஒரு வில்லின் இரு முனைகளையும் ரம்பத்தால் அறுத்துவிட்டு அங்கே கப்பிகளைப் பொருத்தினார். 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பம். அவர் செய்த வேலை என்ன என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

சாதாரண வில்லை இழுக்க இழுக்க பாரம் ஏறிக்கொண்டே போகும். முழுக்க இழுத்து, குறிபார்த்து நிற்கும் அந்தக் கணத்தில்தான் பாரம் உச்சத்தில் இருக்கும். கை நடுங்கும், மூச்சு இரைக்கும். நிற்கவும் முடியாது, விடவும் மனசு வராது. வில்லாளியின் கலை என்று உலகம் கொண்டாடியதெல்லாம் இந்த நடுக்கத்தை ஆண்டதைத்தான். ஆலனின் கப்பி கிணற்றுக் கப்பி போல நடுவில் அச்சு கொண்டதல்ல. அச்சு ஓரமாக விலகியிருக்கும். இழுக்கும்போது அது சுழன்று நெம்புகோலின் நீளத்தை மாற்றுகிறது. பாரம் சட்டென்று உச்சத்துக்கு ஏறி, அங்கே கொஞ்ச தூரம் நின்று, முடிவில் விழுந்துவிடுகிறது. இதை ‘லெட்-ஆஃப்’ என்கிறார்கள். 70 பவுண்டு வில்லில் 80 சதவீத லெட்-ஆஃப் என்றால், முழுக்க இழுத்த பிறகு விரல் தாங்க வேண்டியது 14 பவுண்டு மட்டும். மீதியை உலோகமும் கம்பிவடமும் தாங்கிக்கொள்ளும். இழுவிசைக்கும் தூரத்துக்கும் வரைபடம் போட்டால் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் வில்லில் சேரும் ஆற்றல். சாதாரண வில்லில் அது முக்கோணம் போல. காம்பவுண்ட் வில்லில் மேடைபோலப் புடைத்திருக்கும். அதே உச்சபாரத்துக்கு அதிக ஆற்றல், அதனால் அதிக வேகம்.

உழைப்பு எங்கேயும் காணாமல் போகவில்லை. காத்திருக்கும் கணத்தின் உழைப்பை உடலிலிருந்து எடுத்து எந்திரத்துக்குள் வைத்துவிட்டார்கள். மார்க்ஸ் எந்திரத்தை இறந்த உழைப்பு என்று பேசியதை ஆலைக்கு மட்டும் பொருத்திப் பார்த்துப் பழகிவிட்டோம். ஓய்வுநேர விளையாட்டிலும் அது நடக்கிறது.

நம் காவிய மரபில் வில்லை நாணேற்றுவதே ஒரு பரீட்சை. ஜனகன் வீட்டு வில்லை நாணேற்றப் போய்த்தான் ராமன் ஒடித்தான். காம்பவுண்ட் வில்லுக்கு அந்தப் பரீட்சை கிடையாது. அதன் நாண் எப்போதும் ஏறியே இருக்கும். கழற்ற வேண்டுமென்றால் வில்லையே நெருக்கிப் பிடிக்கும் தனிக் கருவி வேண்டும். அம்பில்லாமல் இழுத்து விட்டால், போக இடமில்லாத ஆற்றல் வில்லுக்குள்ளேயே திரும்பி அதைச் சிதைத்துவிடும். ஓய்வே இல்லாத ஒரு பொருள்.

எதிர்ப்பு வராமல் இல்லை. ஆலனிடம் முதலில் உரிமம் பெற்று இந்த வில்லைத் தயாரித்து விற்றவர் டாம் ஜென்னிங்ஸ். வில்வேட்டைப் பத்திரிகைகளிலும் சங்கங்களிலும் இது வில்லே இல்லை என்று சண்டை நடந்தது. 1961இல் உருவாகி, கொன்ற விலங்குகளின் கொம்பளவைப் பதிவு செய்து வந்த ‘போப் அண்ட் யங் கிளப்’ 65 சதவீதத்துக்கு மேல் லெட்-ஆஃப் உள்ள வில்லை நெடுநாள் ஏற்கவில்லை. பிறகு நட்சத்திரக் குறி போட்டு ஏற்றுக்கொண்டது. ஒழுக்கத்தைச் சதவீதத்தில் அளந்த அழகான உதாரணம் இது. அப்புறம் குறுக்குவில் வந்து கதவைத் தட்டியபோது, ‘இது வில்லே இல்லை’ என்று எழுந்த குரல்களில் காம்பவுண்ட்காரர்களின் குரலும் பலமாகக் கேட்டது. நேற்று நுழைந்தவர் இன்று வாசலில் காவல் நிற்கிறார்.

4

வேகம் ஓர் எண்ணாக மாறியதற்குத் தனி வரலாறு உண்டு. 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன், பால் குளோப்ஸ்டெக் போன்ற இயற்பியலாளர்கள் அதிவேகப் படக்கருவியையும் காலமானியையும் வில்லின் முன் வைத்தார்கள். அம்பு நேராகப் போவதில்லை, மீன்போல நெளிந்து வில்லைச் சுற்றிக்கொண்டு போகிறது என்பது படத்தில் தெரிந்தது. ஹிக்மன் இரண்டாம் உலகப்போரில் ராக்கெட் ஆயுத ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர். டாங்கிகளை உடைக்கும் பஸூக்காவுக்குப் பின்னால் அவர் வேலை இருக்கிறது. வில்லை அறிவியலாக்கிய கையும் ராக்கெட்டைத் தோளில் ஏற்றிய கையும் ஒன்றே.

இன்றைய சந்தையில் வில்லின் பெயருக்குப் பக்கத்திலேயே வேகம் அச்சாகிறது: விநாடிக்கு 340 அடி, 350 அடி. பழைய பாணி வளைமுனை வில் 180, 190 அடி. ஐ.பி.ஓ. அளவுமுறை என்று சொல்லி வழக்கமாக இதற்கு வைத்துக்கொள்ளும் நிபந்தனைகள் மூன்று. 70 பவுண்டு இழுவிசை, 350 கிரெயின் அம்பு, 30 அங்குல இழுப்புநீளம். 350 கிரெயின் என்றால் 23 கிராமுக்கும் குறைவு. வேட்டைக்குப் போகிறவர்கள் பொதுவாக அதைவிடக் கனமான அம்பைத்தான் எடுத்துப்போகிறார்கள். 30 அங்குல இழுப்பு என்பது இன்னும் சுவாரசியம். விரித்த கைகளின் நீளத்தை 2.5ஆல் வகுத்தால் ஒருவரின் இழுப்புநீளம் உத்தேசமாகக் கிடைக்கும். அப்படியானால் இந்த எண்ணுக்குரிய உடல் சுமார் 6 அடி 3 அங்குலம். இழுப்பு ஓர் அங்குலம் குறைந்தால் வேகம் சுமார் 10 அடி குறையும். பெண்கள், குள்ளமானவர்கள், கூலிவேலையில் தோள் தேய்ந்தவர்கள் யாரும் அந்த எண்ணுக்குள் கிடையாது. பொதுவான அளவு என்று வைக்கப்படுவதற்குப் பின்னால் எப்போதும் குறிப்பிட்ட ஓர் உடல் நிற்கிறது என்று பெண்ணியத் தோழர்கள் சொல்லிவருவதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது.

5

வேகம் கூடக் கூட வில்லுக்குச் சுதி சேர்ப்பது கடினமாகிறது. டியூனிங் என்று அவர்கள் சொல்வதும் அதைத்தான். மேல்கப்பியும் கீழ்க்கப்பியும் ஒரே கணத்தில் சுழன்று முடிய வேண்டும். ஒன்று முந்தினால் அம்பின் வால் மேலோ கீழோ உதைபடும். நாண் நாளாக நாளாக நீளும், அதனால் இந்த ஒத்திசைவு தானாகவே குலையும். 1992இல் ஒரு பக்கம் மட்டும் சுழல்விசை கொண்ட ஒற்றைக்கப்பி வில் வந்து சந்தையைப் பிடித்ததற்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணம். அதன் பிறகு இரண்டு கப்பிகளையும் ஒன்றோடொன்று கட்டிவைக்கும் முறைகள் வந்தன.

சுதி சேர்ந்ததா என்று பார்க்க எளிய வழி காகிதம். சட்டத்தில் ஒரு தாளைக் கட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று அதனூடே எய்வார்கள். அம்பு நேராகப் போயிருந்தால் நடுவில் ஒரு துளை, இறகுகள் போன மூன்று கீறல்கள். வால்பக்கம் மேலே தூக்கிப் போயிருந்தால் தாள் மேல்நோக்கிக் கிழியும். நாணில் அம்பைக் கொளுவும் இடம் உயரமாக இருக்கலாம், அம்புதாங்கி தாழ்ந்திருக்கலாம், கப்பி ஒத்துப்போகாமல் இருக்கலாம். பக்கவாட்டில் கிழிந்தால் அம்பின் விறைப்பு வில்லுக்குப் பொருந்தவில்லை என்றிருக்கும்.

எல்லாம் சரிசெய்த பிறகும் சில நேரம் தாள் கிழிந்துகொண்டேயிருக்கும். காரணம் கை! பிடியை இறுக்கிப் பிடித்து லேசாக முறுக்கும் உள்ளங்கை. வேகமான வில்களில் நாணுக்கும் பிடிக்கும் உள்ள இடைவெளி குறைவு, 6 அங்குலம் அளவில். நாண் அம்பைத் தள்ளும் தூரம் அதனால் அதிகம். கையின் கோணல் அம்பில் ஏறுவதற்கு வாய்ப்பும் அதிகம். முனையில் அகலத் தகடு உள்ள வேட்டை அம்பு இன்னும் மோசம். முன்பக்கத்தில் சிறகு முளைத்தது போல அந்தத் தகடு காற்றைப் பிடித்துத் தன்னிஷ்டத்துக்கு வளையும். குறிப்பலகையில் மறைந்திருந்த பிழையைக் காட்டில் பெரிதாக்கிக் காட்டும்.

உடலின் நடுக்கத்தை வெளியேற்றத்தான் கப்பி வந்தது. வெளியே தள்ளப்பட்ட உடல் இப்போது காகிதத்தின் கிழிசலாகத் திரும்பி வந்து நிற்கிறது. முன்பு கலை என்று பெயர்பெற்ற உடல், இப்போது பிழை என்ற பெயரில் வருகிறது. அதற்கும் சந்தையில் மருந்துண்டு: விரலுக்குப் பதிலாக நாணைக் கவ்வி, பொத்தானை அழுத்தினால் விட்டுவிடும் ரிலீஸ் கருவி. பல மாதிரிகளில் அந்தப் பொத்தான் கட்டைவிரலுக்குரியது. வில்லும் கட்டைவிரலும் என்றால் நமக்கு ஏகலைவன் ஞாபகம் வராமல் இருக்காது. துரோணர் திறமையைக் கண்டு பயந்து விரலைக் கேட்டு வாங்கினார். இஷியின் கட்டைவிரல் அறிந்திருந்ததை, சந்தை யாரிடமும் கேட்காமலேயே ஒரு பொத்தானாக்கி விற்றுவிட்டது.

6

இவ்வளவு வேகம் எதற்கு என்று வேட்டைக்காரரைக் கேட்டால் இரண்டு பதில் வரும். தூரக்கணிப்பு தவறினாலும் அம்பு அதிகம் தாழாது என்பது ஒன்று. அது நியாயமான பதில். இரண்டாவது, நாண் சத்தம் கேட்டு மான் துள்ளுவதற்குள் அம்பு போய்ச் சேர வேண்டும் என்பது. இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு சுமார் 1,125 அடி. ஆக வேகமான வில்லின் அம்புகூட அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. 90 அடி தூரத்தில் நிற்கும் மானுக்குச் சத்தம் 0.08 விநாடியில் போய்விடும். 340 அடி அம்பு போக 0.26 விநாடி ஆகும். மிச்சமிருக்கும் அந்த இடைவெளியில் மான் குனிந்து பாயத் தொடங்கிவிடும். அம்பு படாத இடத்தில் படும். காயத்தோடு ஓடிப்போய் எங்கோ சாகும் விலங்கின் கணக்கு எந்த விளம்பரத்திலும் வராது.

இன்னொன்றும் இருக்கிறது. வேகத்துக்காக அம்பைக் கனம் குறைத்தால், வில்லின் ஆற்றலில் அம்பு வாங்கிக்கொள்ளும் பங்கு குறைகிறது. வாங்காத மிச்சம் வில்லில் அதிர்வாகவும் சத்தமாகவும் தங்கும். சத்தத்தை முந்துவதற்காகச் சேர்த்த வேகமே சத்தத்தைப் பெருக்குகிறது. அப்புறம் அந்தச் சத்தத்தை அடக்க ரப்பர் துண்டுகள், அதிர்வுதாங்கிகள், அவற்றுக்கும் ஒரு விலை. அனுபவப்பட்டவர்கள் கடைசியில் கனமான அம்புக்கும் குறைந்த வேகத்துக்கும் திரும்புகிறார்கள். கிட்டே போ, பொறுத்திரு என்கிறார்கள். நூறாண்டு சுற்றி, மறைவில் உட்கார்ந்து முயலை அழைத்த மனிதரிடம் வந்து சேர்கிறார்கள், அவர் பெயர் தெரியாமலேயே.

7

இதில் யாருடைய கஷ்டம் மதிக்கப்படுகிறது என்பதுதான் கடைசிக் கேள்வி. வில்வேட்டையின் அறம் கஷ்டத்தை விரும்பி ஏற்பதில் இருக்கிறது என்பார்கள். விரும்பி ஏற்க, வேண்டாம் என்று விடும் வசதி முதலில் வேண்டும். தொட்டிமீனுக்குத் தூண்டில் போடுகிறவனும் கடலுக்குப் போகிறவனும் ஒரே கஷ்டம் படுவதில்லை.

வில்பருவம் முதலில் வந்த அதே விஸ்கான்சினையே எடுத்துக்கொள்ளுங்கள். 1837, 1842 ஒப்பந்தங்களில் நிலத்தை விட்டுக்கொடுத்த ஒஜிப்வே மக்கள், அந்த நிலத்தில் வேட்டையாடும், மீன்பிடிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. 1974இல் ஒதுக்கிடத்துக்கு வெளியே ஈட்டியால் மீன் குத்தியதற்காக இரண்டு சகோதரர்கள் பிடிக்கப்பட்டார்கள். 1983இல் நீதிமன்றம் ஒப்பந்த உரிமை செல்லும் என்றது. அதன்பின் 1980களின் இறுதியில் ஒவ்வொரு வசந்தத்திலும் ஏரிக்கரைகளில் வெள்ளையர் கூட்டம் கூடியது. ஈட்டி பிடித்தவர்கள்மீது கல்லும் வசையும் விழுந்தன. 1991இல் நீதிமன்றத் தடையாணை வந்த பிறகே அது அடங்கியது. ஒஜிப்வே கையில் ஈட்டி இருந்தால் அது அநியாயச் சலுகை. வெள்ளையர் கையில் வில் இருந்தால் அது பாரம்பரியம். அதற்குத் தனிப் பருவம் உண்டு. பழங்கருவி தன்னளவில் புனிதமும் அல்ல, காட்டுமிராண்டித்தனமும் அல்ல. யார் பிடித்திருக்கிறார் என்பதைப் பார்த்துத்தான் அதற்குப் பெயர் வைக்கப்படுகிறது.

கருவிகளின் வரலாற்றை எழுதும்போது எவ்வளவு வேகம் கூடியது என்று மட்டும் எழுதினால் நாமும் விளம்பரம்தான் எழுதுகிறோம். யாரிடமிருந்து வந்தது, அவருக்கு என்ன ஆயிற்று, யாருடைய உடலுக்கு அளவெடுத்தது, அதை வைத்திருக்க யாருக்குச் சட்டம் இடம் கொடுத்தது என்றும் எழுத வேண்டும். 1961இல் இரண்டு காரியங்கள் நடந்தன. போப், யங் பெயரால் அந்தக் கொம்புக்கணக்கு கிளப் தொடங்கியது. அதே ஆண்டு தியோடரா குரோபரின் நூல் இஷியின் கதையை உலகத்துக்குச் சொன்னது. கிளப்பின் பெயரில் இரண்டு சீடர்கள் இருக்கிறார்கள், குரு இல்லை. அவருடைய மூளை வாஷிங்டன் கிடங்கிலிருந்து திரும்பி, சாம்பலோடு சேர்ந்து, அவர் மக்களின் மலைப்பக்கம் மண்ணுக்குப் போனது 2000இல். எண்பத்து நான்கு ஆண்டு. வேகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த எண்ணையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.